ஓவர் டிரெயின்

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற கம்ப்யூட்டர் ஆபீஸ்காரர் ஒருவர் தினமும் விடிந்ததும் ஓடுகிறார். பின்னால் ஒரு நாய்கூடத் துரத்தி வராது. ஆனாலும் ஓடுவார். கொளவாய் ஏரிப் பக்கம் போய்த் திரும்பி, நான் டீ குடிக்கிற கடை வாசலில் வந்து நின்று, கையில் கட்டியிருக்கிற கடிகாரத்தைத் தட்டி ஏதோ கேட்பார். அதுவும் ஏதோ சொல்லும். அதற்கேற்ப அவர் முகம் மலரும், அல்லது சுருங்கும். நான் பார்த்த கடிகாரங்கள் எல்லாம் மணியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தவை. இது மாமியார் மாதிரி எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருக்கிறது.

போன வாரம் ஒரு நாள் அவர் முகம் ரொம்பவே சுருங்கிவிட்டது.

"இன்னா சார், இன்னா சொல்லுது?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு ஓடக்கூடாதாம் பெரியவரே. ஓவர் டிரெயினிங்காம்."

எனக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது. இஞ்சி டீ வேறு. கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட பெஞ்சைத் தட்டிச் சிரித்தேன். பாவம், கிழவனுக்கு ஏதோ வந்துவிட்டது என்று அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "இதுல சிரிக்க என்னங்க இருக்கு? ஓடறது ஒடம்புக்கு நல்லதுதானே. நல்லது எப்படி ஓவராகும்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் மூச்சு இல்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ஆகும். நன்றாகவே ஆகும். இந்த ஜில்லாவிலேயே அந்த வியாதி முதன்முதலில் வந்தது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நான் எடுத்துக்கொண்ட வைத்தியத்தை எனக்குப் பிறகு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

மூக்கில் ஏறிய இஞ்சி என்னை நேராகக் காதர் கடையில் கொண்டுபோய் இறக்கியது. எழுபதுகளில் செங்கல்பட்டு ஜங்ஷனுக்கு வெளியே நாஸ்தா கடை வைத்திருந்தவன் காதர். என் வயசுதான். அவன் முதலாளி, நான் கிளாஸ் கழுவுகிறவன். ஆனால் இந்த வித்தியாசம் கல்லாப்பெட்டியைத் திறக்கும்போது மட்டும்தான் எங்களுக்குள் வரும். எனக்குப் படிப்பு கிடையாது. எழுத்து கற்றதெல்லாம் ஸ்டேஷன் போர்டைப் பார்த்துத்தான். அதனால் என் வாழ்க்கையில் முதல் எழுத்து 'செ'. 'அ' எனக்கு ரொம்ப நாள் கழித்து, அரக்கோணம் போனபோதுதான் அறிமுகமானது. காதர் கொஞ்சம் படித்தவன். அந்தக் கொஞ்சம்தான் என்னை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோனது.

கடையிலிருந்து தெற்கே, படாளம் போகிற லைனில் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு லெவல் கிராசிங் வரும். கேட்கீப்பர் பேர் மாணிக்கம். ஊருக்கே அவர் கேட்டு மாமா. அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. அதைப் போட்டுக்கொண்டுதான் பிறந்தார் என்று காதர் சொல்வான். நல்ல மனுஷர். ஆனால் கேட்டு மூடியிருக்கும்போது அடியில் குனிந்து புகுந்து போகிறவனைக் கண்டால் மட்டும் அவருக்குள் வேறு யாரோ இறங்கிவிடுவார்கள். "ஏன்டா, தலைய வூட்லயே கழட்டி வச்சிட்டு வந்தா குனியற வேல மிச்சமாச்சே" என்று கொடிக்கம்பைத் தூக்கிக்கொண்டு துரத்துவார்.

அவர் மகள் சரசு. அப்பா சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் ரயில் வந்தால் பச்சைக் கொடி காட்டுவது அவள்தான். ரூல்ஸ்படி அது தப்பு. எந்த டிரைவரும் புகார் செய்ததில்லை. நானும் செய்யவில்லை. தினம் காலையில் கேட்டு மாமாவுக்கு டீ கொண்டுபோவது என் வேலையில் சேர்ந்ததில்லை, அதை நானாக என் தலையில் ஏற்றிக்கொண்டேன். டீ ஆறிப்போய்விடும். அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. டீ எதற்காக வருகிறது என்று அவருக்குத் தெரியும்.

கடைசியில் காதர்தான் எனக்காகப் போய்ப் பேசினான். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"பையன் நல்லவன் மாமா."

"நான் இல்லன்னு சொன்னனா? ஆனா என் பொண்ணு காக்கி போட்டவனுக்குத்தான். எங்க நைனா காக்கி. நானும் காக்கி. இவன் இன்னா போட்னு கீறான் பாரு."

நானும் குனிந்து பார்த்தேன். காதர் கடைத் துண்டைக் கட்டியிருந்தேன்.

"படாளத்து போஸ்ட்மேன் ஒருத்தன் பொண்ணு கேட்டுகினு கீறான். காக்கி கீது, சைக்கிளு கீது, பென்சன் கீது. பொங்கல் வரிக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இவனும் ஒரு காக்கி வாங்கிகினு வரட்டும், அப்பால பேசலாம்."

உள்ளேயிருந்து சரசு எட்டிப் பார்த்தாள். "நைனா, உத்தியோகத்துல வாங்கணும்னு தெளிவா சொல்லிடு. இது பாட்டுக்கு டெய்லர் கடையில வாங்கிகினு வந்து நிக்கும்" என்றாள். என்னை அப்போதே அவள் சரியாகப் புரிந்துவைத்திருந்தாள்.

அந்தச் சமயம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பெரிய கட்டட வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே வாட்ச்மேன் எடுக்கிறார்கள், காக்கி உண்டு, தொப்பிகூட உண்டு, ஆனால் ஓடவிட்டுத்தான் ஆள் எடுப்பார்கள் என்று கடையில் நாஸ்தா சாப்பிட வருகிற ஒரு வாத்தியார் சொன்னார். கையைக் கழுவிக்கொண்டே, "சும்மா போய் ஓடி அசிங்கப்படாதே. நல்ல கோச்சுகிட்ட டிரெயினிங் எடு" என்று சொல்லிவிட்டு, மறுநாளே மாற்றலாகி மதுரைப் பக்கம் போய்விட்டார். அவர் இன்னும் ஒரு நாள் ஊரில் இருந்திருந்தால் நாங்கள் போய் விளக்கம் கேட்டிருப்போம். இல்லாததால் காதர் விளக்கினான்.

"சைக்கிளிங்னா இன்னா மச்சான்?"

"சைக்கிள் வுடறது."

"போட்டிங்னா?"

"போட்டுல போறது."

"அப்போ டிரெயினிங்னா?"

நான் ஜங்ஷனைத் திரும்பிப் பார்த்தேன். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"கோச்சுகிட்டன்னா கோச்சுக்குப் பக்கத்துல" என்றான் காதர். "அதுவும் நல்ல கோச்சு. நல்ல கோச்சு எது?"

"ஃபர்ஸ்ட் கிளாஸு."

"அவ்ளோதான் மேட்டரு. நாளைலேருந்து ஃபர்ஸ்ட் கிளாஸ் கோச்சுக்குப் பக்கத்துல நீ ஓடணும்."

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் ரயில் சத்தத்தில் தூங்கி ரயில் சத்தத்தில் எழுந்த எங்களிடம் வேறு எந்த அர்த்தத்தை எதிர்பார்க்கிறீர்கள்? எங்கள் ஊரில் கோச்சு என்றால் அதற்குச் சக்கரம் இருக்கும்.

மறுநாள் காலை விழுப்புரம் பாசஞ்சர் வந்து நின்றது. மீட்டர் கேஜ் ரயில், கிளம்பும்போது கல்யாணத்துக்குப் போகிற பெரியம்மா மாதிரிதான் கிளம்பும். பிளாட்பாரம் முடிகிற இடத்திலிருந்து ஃபர்ஸ்ட் கிளாஸ் ஜன்னலோரம் நானும் கிளம்பினேன். உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். ஜன்னலில் என் தலை. மறுபடி பேப்பரைப் பார்த்தார். மறுபடி நிமிர்ந்தார். என் தலை அங்கேயேதான் இருந்தது. "எதாச்சும் விட்டுட்டு வந்துட்டேனா?" என்று பதறிப்போய்ப் பெட்டியைத் தடவ ஆரம்பித்துவிட்டார். பேச மூச்சில்லாமல் நான் தலையை ஆட்டினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்போல. அந்த மனுஷர் விழுப்புரம்வரை எதைத் தேடிக்கொண்டு போனாரோ.

ரயில் வேகம் பிடிப்பதற்குள் கேட்டு வந்துவிடும். கேட்டில் சரசு கொடியோடு நிற்பாள். அந்தப் பச்சை ரயிலுக்கா எனக்கா என்று நான் கேட்டதில்லை. ரயில் அவளைத் தாண்டிப் போகும், நான் அங்கே மூச்சு வாங்குவேன். உண்மையைச் சொன்னால் அந்த ஒரு ஓட்டத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒன்றும் வந்திருக்காது. காலும் நன்றாகத்தான் இருந்தது, மனசு அதைவிட நன்றாக இருந்தது.

ஆனால் நல்லது என்று தெரிந்தால் நம் ஆட்கள் அளவோடு நிற்பார்களா? ஒரு ரயிலுக்கே இப்படி என்றால் எல்லா ரயிலோடும் ஓடினால் எப்படி இருக்கும் என்று காதர் கணக்குப் போட்டான். அது ஜங்ஷன். தாம்பரத்திலிருந்து வரும், விழுப்புரத்திலிருந்து வரும், காஞ்சிபுரம் லைனிலிருந்து வரும். காதர் ஒரு விசில் வாங்கினான். கழுவிக்கொண்டிருக்கிற கிளாஸைப் பாதியில் போட்டுவிட்டு நான் ஓடுவேன். இட்லிக்கு உட்கார்ந்தவர்கள், "சட்னி எங்கப்பா?" என்றால், "சட்னி பரனூர் போயிருக்கு, வந்துடும்" என்பான் காதர்.

அதிலும் கூட்ஸ் ரயில்தான் என் எமன். அதற்கு டைம் டேபிள் கிடையாது. திடீரென்று வரும். வந்து அவுட்டரில் சிக்னலுக்காக நிற்கும். நின்றால் நானும் நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கிப் போட்டு ஓட வேண்டும், அது காதர் போட்ட சட்டம். கூட்ஸ் கார்டு பெட்டியில் உட்கார்ந்து தயிர் சாதம் தின்றுகொண்டே என்னைப் பார்ப்பார். ஒரு நாள் மனசு கேட்காமல், "தம்பி, நீ இன்னா வேண்டுதலா?" என்று கேட்டார்.

ஊரில் எனக்குப் 'பாசஞ்சர்' என்று பேர் விழுந்தது. பேர் விழுந்த கொஞ்ச நாளில் நானும் விழ ஆரம்பித்தேன். படுத்தால் தூக்கம் வராது, தூரத்தில் விசில் கேட்டால் பாயிலேயே கால் இரண்டும் ஓடும். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். ஒரு முறை நாஸ்தா தின்னும்போது சாம்பார்க் கிண்ணத்தில் முகத்தை வைத்துத் தூங்கியிருக்கிறேன். பசி போய்விட்டது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு பாலத்தில் போகிற வண்டி மாதிரி தடதடத்தது. எதற்கெடுத்தாலும் கோபம். ஒரு வாடிக்கையாளர் பாவம், "சூடா குடு" என்றதற்கு அழுதுவிட்டேன். இதில் பெரிய அவமானம், ஓட ஓட வேகம் கூடவேண்டும் அல்லவா, எனக்குக் குறைந்துகொண்டே போனது. ஃபர்ஸ்ட் கிளாஸ் ஜன்னலோரம் ஓடினவன் மெல்ல மெல்லப் பின்னால் போய், மூன்றாவது மாதம் கார்டு பெட்டியையும் பிடிக்க முடியாமல் போனேன். சரசு கொடியை மடக்கி உள்ளே போன பிறகு கேட்டுக்கு வந்து சேருவேன்.

"இன்னா பாசஞ்சர், லேட்டா?" என்பாள் முதலில். பிறகு அதையும் கேட்பதை விட்டாள். "ஒடம்ப பாத்துக்க" என்று ஒரு நாள் சொன்னாள். கேலி இல்லாமல் அவள் பேசியதைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது.

காதர் என்னைச் சைக்கிளில் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். சின்ன வயசு டாக்டர். நாடி பிடித்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், தினமும் எவ்வளவு ஓடுகிறாய், என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய் என்று கேட்டார். ரயிலைப் பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. தண்டவாளத்தோரம் ஓடுவது போலீஸ் கேஸ் ஆகும் என்று காதர் எச்சரித்திருந்தான்.

"ஒரு நோயும் இல்ல" என்றார் டாக்டர். "ஓவர் டிரெயினிங். அவ்வளவுதான். உடம்புக்கு ஓடறது எவ்வளவு முக்கியமோ ஓடாம இருக்கறதும் அவ்வளவு முக்கியம். டிரெயினிங்க நிறுத்துங்க. அப்புறம் ரொம்ப மெதுவா ஆரம்பிங்க."

வெளியே வந்ததும் காதர் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நாம சொல்லவே இல்லியே மச்சான். டிரெயினுன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நாடி புடிச்சாரே. அதுல சத்தம் கேட்டிருக்கும்."

"படிப்புன்னா அது படிப்பு" என்றான் காதர். "ஆனா டிரெயின நிறுத்துன்னுட்டாரே. நாம எங்க நிறுத்தறது? செயின இழுத்தா உள்ள வச்சிடுவான்."

"டிரெயினு ஓவருன்னுதானே சொன்னாரு. பஸ்ஸ பத்தி ஒண்ணும் சொல்லலியே."

இதைச் சொன்னது நான்தான். காதர்மேல் பழி போடக்கூடாது.

அப்படியாக வைத்தியம் ஆரம்பமானது. திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினேன். ரயிலில் இல்லாத ஒரு தொந்தரவு பஸ்ஸில் இருந்தது. ரயிலுக்கு மனசு கிடையாது, பஸ்ஸுக்கு உண்டு. பின் ஸீட்டில் இருந்த அம்மா ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "ஐயோ, யாரோ ஓடியாராரு, நிறுத்துய்யா" என்றாள். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நின்றது. நானும் நின்றேன்.

"ஏறு."

"இல்ல அண்ணாத்த, நீங்க போங்க."

"ஏறுய்யா, டைம் ஆவுது."

"டிரெயினிங் அண்ணாத்த."

"டிரெயினுன்னா ஸ்டேஷனுக்குப் போ. இங்க ஏன்யா வந்து பேஜாரு பண்றே?"

பஸ் கிளம்பியது. நானும் கிளம்பினேன். மறுபடி அந்த அம்மா, "பாவி, ஏத்தாம வுட்டுட்டு வரான் பாரு, காசு இல்ல போலக்கீது, நான் குடுக்கறேன்" என்று கண்டக்டரைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படுவதற்குள் எத்தனை முறை நின்று கிளம்பியது என்று சொல்ல முடியாது. கடைசியில் கண்டக்டரே இறங்கி வந்து, "தம்பி, நான் புள்ளகுட்டிக்காரன்" என்று கும்பிட்டார். எனக்கும் டீசல் புகை குடித்துக் குடித்து இருமல் வந்திருந்தது. இருமினால் கறுப்பாக வருகிறது என்று ஒரு சந்தேகம்.

"எஞ்சின் இருக்கறதே உனுக்கு ஆவல" என்றான் காதர். டாக்டர் சொன்ன 'ரொம்ப மெதுவா' அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. "எஞ்சின் இல்லாத வண்டியா பாக்கணும்."

கடலோரத் தோப்புகளிலிருந்து சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டுக்கு மாட்டு வண்டிகள் வரும், காலியாகத் திரும்பிப் போகும். அதில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டேன். வண்டிக்காரர் ஏறியதும் தூங்கிவிடுவார். மாடுகளுக்கு வழி தெரியும். வலது பக்கத்து மாட்டின் காதோரம் நான். அது எப்போது மூச்சு வாங்குமோ அப்போது நானும் வாங்குவேன். மேடு வந்தால் அது மெதுவாகும், நானும். நிழல் வந்தால் நிற்கும், நானும் நிற்பேன். வெயில் ஏறினால் வண்டிக்காரர் எழுந்து வண்டியை அவிழ்த்து, மாடுகளுக்குத் தண்ணி காட்டி, வைக்கோல் போட்டு, "நீ துன்னியா?" என்று எனக்கும் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விடுவார். மாடும் படுக்கும். மாடு படுத்தால் நான் நிற்பது டிரெயினிங்குக்கு விரோதம் என்று நானும் சவுக்கு நிழலில் படுப்பேன்.

இரண்டு வாரத்தில் எனக்குத் தூக்கம் திரும்பியது. பிறகு பசி வந்தது. நெஞ்சில் பாலத்துச் சத்தம் நின்றது. காதர் கடையில் மீந்த இட்லி என்று ஒன்று இல்லாமல் போனது. டாக்டர் சொன்னதைத் துளிகூடப் புரிந்துகொள்ளாமல் அப்படியே அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறேன். அந்த மாட்டுக்கு மட்டும் எல்லாம் புரிந்திருக்கும் என்று இன்றும் ஒரு நினைப்பு.

சரசுவுக்குத்தான் விஷயம் தெரியாது. ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டாள்.

"இன்னா, பாசஞ்சர் கேன்சலா?" குரல் சரியாக இல்லை. "போஸ்ட்மேன் தெனிக்கும் வந்து மணி அடிச்சிட்டுப் போறான். உனுக்கு இஷ்டமில்லன்னா சொல்லிடு."

"கேன்சல் இல்ல சரசு. ரூட்டு மாத்தி வுட்டுகீது" என்றேன். மாட்டு வண்டியைப் பற்றிச் சொன்னேன். "எங்க நைனா கேக்கறது காக்கி மட்டும்தான். மூளைய கேக்கல. அது உன் அதிர்ஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆனால் போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஓட்டப்பந்தயம். சதுரங்கப்பட்டினம் தாண்டிச் சவுக்குத் தோப்பு ஓரமாக மணல் ரோடு. அங்கே கோடு போட்டிருந்தார்கள். மாமல்லபுரம் பக்கமாக ஓடவேண்டும், தூரத்தில் குறுக்கே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள், அதைத் தொட்டால் முடிந்தது. ஜில்லா முழுவதிலிருந்தும் வாலிபர்கள். கடப்பாக்கத்திலிருந்து வந்த மீன்காரப் பையன்களைப் பார்த்தாலே எனக்கு நடுக்கம், அவர்கள் மணலில் பிறந்து மணலில் ஓடினவர்கள். ஆபீசர் தெற்கத்திக்காரர், வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். விசில் அடித்தார்.

எல்லோரும் பாய்ந்தார்கள். என் காலும் கிளம்பியது. அப்போதுதான் தெரிந்தது, காலுக்குத் தெரிந்த வேகம் ஒன்றே ஒன்றுதான் என்று. மாட்டு வேகம். உடம்பில் பலம் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ஒரு வண்டி இல்லாமல் என்ன வேகத்தில் போவது என்று காலுக்குத் தெரியவில்லை. என் முன்னால் ஊரே புழுதியாகப் போய்க்கொண்டிருக்கிறது. நான் ஒரு நிழல் வந்ததும் நின்றேவிட்டேன்.

காதர் தோப்புக்குள்ளிருந்து தலையில் அடித்துக்கொண்டான். "டேய், நின்னுகினு கீறியே. போடா. போஸ்ட்மேன நெனச்சிக்கோடா."

போஸ்ட்மேனை நினைத்தேன். அழுகை வந்தது, வேகம் வரவில்லை.

அந்த நேரம் பின்னால் ஒரு ஜீப் சத்தம் கேட்டது. யாரோ விருந்தாளியைக் கூட்டிவர மாமல்லபுரம் போகிற ஜீப். மணலில் உறுமி உறுமி ஊர்ந்து வந்தது. என் பக்கத்தில் வந்ததுதான் தாமதம், என் கால் இரண்டும் அதைக் கண்டுகொண்டன. தொலைந்துபோன அண்ணனைப் பார்த்த மாதிரி. ஜீப்பின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். அது எவ்வளவோ நான் அவ்வளவு. கடைசியில் போனவனைத் தாண்டினேன், நடுவில் போனவர்களைத் தாண்டினேன். கடப்பாக்கத்துப் பையன்கள், "யோவ், வண்டிய புடிச்சிகினு வரான்யா" என்று கத்தினார்கள். பிடிக்கவில்லை, கையை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டே தாண்டினேன். கயிறு வந்தது. ஜீப்பைக் கண்டதும் கயிறு பிடித்திருந்த ஆட்கள் அதை விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். கயிறு என் வயிற்றில் சுற்றிக்கொண்டது. நான்தான் முதல். காக்கி என்னுடையது. சரசு என்னுடையவள்.

ஆனால் ஜீப் நிற்கவில்லை.

ஜீப் நிற்காமல் நான் எப்படி நிற்பது? அது எனக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. ஆபீசர் விசில் அடித்தார். விசில் என்றால் எனக்குக் கிளம்புவது. இன்னும் அடித்தார், இன்னும் வேகமாகப் போனேன். பின்னால் கயிறு வாலாட்டிக்கொண்டு வந்தது. ஜீப் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பக்கத்து இளநீர்க் கடையில்தான் நின்றது. நானும் நின்றேன். டிரைவர் திரும்பிப் பார்த்து நடுங்கிப்போனார். "யாருடா நீ? எங்கேருந்துடா வர்றே?" சிற்பம் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் என்னையும் கயிற்றையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். எந்தத் தேசத்திலோ ஓர் ஆல்பத்தில் மகிஷாசுரனுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன்.

அதே ஜீப்பில் திரும்பி வந்தேன். பந்தயம் முடிந்து ஆள் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"சார், மொதல்ல வந்தது நான்தான்."

"வந்தே, சரி. நிக்கலியேப்பா" என்றார் ஆபீசர். கோபமே படவில்லை. "வாட்ச்மேன்னா என்ன வேலை?"

"காவலு சார்."

"காவல்னா என்ன செய்யணும்?"

"ஒரே எடத்துல நிக்கணும் சார்."

"அதுதான் உனக்கு வரல. ஆள் நிக்கணும்னுதான் தேடறோம்."

"நிக்கறதுக்கு ஏன் சார் ஓட வுட்டீங்க?"

அவர் யோசித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் யோசித்தார். "அது ரூல்ஸ்" என்றார் ஆபீசர். நல்ல மனுஷர், கயிற்றை நானே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் காலை கேட்டுப் பக்கம் போக எனக்கு முகமில்லை. ஆனால் லைனைத் தாண்ட வேறு வழியில்லை. அந்தப் பக்கம் ஒரே ஓட்டமாக ஓடிப் போய்விடுவது, மாமா கண்ணிலும் சரசு கண்ணிலும் படாமல் அப்படியே தாம்பரம், சென்னை என்று எங்காவது தொலைந்துவிடுவது என்று கிளம்பினேன். ஓடிவந்தேன். கேட்டுக்கு நேராக வரும்போது மாணிக்கம் சக்கரத்தைச் சுற்றினார். கேட்டு இறங்கியது. பாசஞ்சர் வருகிற நேரம். எனக்கு முன்னால் போஸ்ட்மேன் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். மணி அடித்தார். கேட்டு நிற்கவில்லை. அவர் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து, தலையைக் குனிந்து அடியில் புகுந்து, அந்தப் பக்கம் போய் ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டார். தபால் அவசரம்.

நான் நின்றேன். கேட்டுக் கட்டையில் வயிறு இடிக்க, அதற்குமேல் ஓரடி வைக்காமல் நின்றேன். பாசஞ்சர் என்னைத் தாண்டிப் போனது. ஃபர்ஸ்ட் கிளாஸ் போனது. கால் துடிக்கவேயில்லை.

மாணிக்கம் போஸ்ட்மேன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கறுத்திருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காக்கி கெடைக்கலியாமே."

"கெடைக்கல மாமா. நிக்கத் தெரியலன்னுட்டாங்க."

"இப்போ நின்னியே."

"கேட்டு போட்டுட்டியே மாமா."

அவர் உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு பழைய காக்கிச் சட்டை இருந்தது. தோளில் ஒட்டுப் போட்டது. "கேட்டுல நிக்காதவனுக்குப் பொண்ணு குடுத்துட்டு நான் எப்டி தூங்கறது? காக்கி போட்டவனுக்குத்தான்னு சொல்லிட்டேன். சொன்ன வாக்கு. இந்தா, போடு" என்றார்.

போட்டேன். அதில் இரண்டு பேர் நுழையலாம். சரசு கொடியை மடக்கிக்கொண்டு கிட்ட வந்தாள். "கேட்டுக்காவ நின்னியா, எனுக்காவ நின்னியா?" என்று கேட்டாள்.

"ரெண்டும் ஒரே எடத்துலதான கீது" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான பேச்சு அதுதான். அதற்குப் பிறகு அவள் எனக்கு வாய்ப்புக் கொடுக்கவில்லை.

அந்தச் சட்டையோடுதான் கல்யாணம். அந்தக் கயிற்றைக் காதர் மாடு கட்ட எடுத்துக்கொண்டான், அவனிடம் மாடே கிடையாது. கடையும் அவனும் எப்போதோ போய்விட்டார்கள். மீட்டர் கேஜ் போய்விட்டது. ரயில்கள் இப்போது கிளம்பும்போதே கோபமாகக் கிளம்புகின்றன, யாராலும் கூட ஓடமுடியாது. சவுக்கு வண்டி போன ரோட்டில் மாட்டைப் பார்த்தால் பிள்ளைகள் செல்போனில் படம் எடுக்கிறார்கள். மாணிக்கம் போனார். ஆறு வருஷத்துக்கு முன்னால் சரசுவும் போனாள். கேட்டையும் எடுத்துவிட்டார்கள், லைனுக்கு அடியில் பள்ளம் தோண்டி ரோடு போட்டிருக்கிறார்கள். எல்லோரும் குனியாமலே அடியில் புகுந்து போகிறார்கள். எங்கள் மாமா இருந்திருந்தால் கொடிக்கம்போடு அங்கேயே குடியிருந்திருப்பார். யாரையும் நிற்கச் சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ அந்தக் கம்ப்யூட்டர்காரர் தனக்கென்று ஒரு கேட்டைக் கையில் கட்டிக்கொண்டு ஓடுகிறார்.

நான் தினம் காலையில் அந்த வழியாக நடப்பேன். பள்ளம் ஆரம்பிக்கிற இடத்துக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிடுகிறது. பின்னால் பைக்கில் வருகிறவன் ஹாரன் அடிப்பான். "யோவ் பெருசு, போயேன்யா" என்பான். போகலாம்தான். கொடி காட்ட ஆள் வரட்டும் என்று நிற்கிறேன்.